டீச்சரிடம் கேளுங்கள்: கடிபடும் யானையும் கனக்கும் சங்கிலியும்

பிள்ளைகள் பென்சிலைக் கடித்தால் ஈயம் உடம்பில் சேருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பென்சிலுக்குள் இருப்பது கரியின் ஒரு வகை, ஈயம் அல்ல என்று சென்ற இதழில் பதில் எழுதினேன். அதன் பிறகு விளையாட்டுச் சாமான்களைப் பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. நான் இரசாயனவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள், வைத்தியர் அல்ல. அந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

டீச்சர், புறக்கோட்டையில் ஒரு மெத்தென்ற யானைப் பொம்மை வாங்கினேன். பிரித்ததும் தலைசுற்றும் வாடை. கழுவி மொட்டைமாடி வெயிலில் போட்டேன், வாடை போய்விட்டது. ஒன்பது மாத மகன் தும்பிக்கையை விடாமல் கடிக்கிறான். இனிப் பயமில்லைதானே?
— இளம் தாய், கொட்டாஞ்சேனை

தங்கச்சி, வாடை போனது உங்கள் மூக்குக்குத்தான் நிம்மதி. மூக்கைத் துளைப்பவை பெரும்பாலும் எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள், வெயிலில் பறந்துவிடும். எனக்குக் கவலை தருபவை தலேட்டுகள். அவற்றுக்குச் சொல்லும்படியான வாடை கிடையாது.

பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பிலே விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதில் செய்ததுதான். அதையே பிள்ளை கடிக்கும்படி மெத்தென்று ஆக்க, எண்ணெய் போன்ற தலேட்டைக் கலக்கிறார்கள். சில பொருள்களின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அதுவாகவே இருக்கக்கூடும். அது பிளாஸ்டிக்கோடு இரசாயனப் பிணைப்பால் சேர்வதில்லை, இடையில் தங்கியிருக்கிறது. பிள்ளை சப்பச் சப்ப எச்சிலோடு வெளியே வரும். சூடு பட்டால் இன்னும் விரைவாகக் கசியும் என்பதால் மொட்டைமாடி வெயிலும் உங்களுக்கு உதவவில்லை. பழைய பொம்மைகள் சில கையில் பிசுபிசுவென்று ஒட்டுவதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம்.

தலேட்டுகளில் சில, விலங்குகளில் செய்த ஆய்வுகளில் ஆண் ஹார்மோனின் வேலையைக் குழப்பின. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல், மூன்று வயதுக்கு உட்பட்டோர் வாயில் வைக்கும் பொம்மைகளில் அவற்றைத் தற்காலிகமாகத் தடுத்தது. 2005இல் அதை நிரந்தரச் சட்டமாக்கியது. அமெரிக்கா 2008இல் சட்டம் இயற்றியது. இரண்டு இடங்களிலும் வரம்பு 0.1 சதவீதம். மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் யானை பி.வி.சி.யா, உண்மையான ரப்பரா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கடைக்காரராலும் சொல்ல முடியாது என்பதே சிக்கல். இதுவரை கடித்ததற்காக வைத்தியசாலைக்கு ஓட வேண்டாம், யானையை மட்டும் அலுமாரிக்கு மேல் ஏற்றிவிடுங்கள். பல் முளைக்கும் ஈறுக்குச் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுத்தால் போதும். செலவும் இல்லை.

பெட்டியில் சி.ஈ. என்ற எழுத்தும், 0–3 என்று போட்டுக் கோடு கிழித்த குழந்தை முகமும் இருக்கின்றன. அப்படியென்றால் பரிசோதித்த பொருள்தானே?
— ஒரு தந்தை, தெமட்டகொடை

இல்லை, தம்பி. அந்த முகம் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது கூடாது என்கிறது. பெரும்பாலும் சிறு பாகங்கள் தொண்டையில் சிக்கும் என்ற பயத்துக்காகப் போடுவது அது. இரசாயனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சி.ஈ. என்பது ஐரோப்பிய விதிகளுக்கு அமைவாகச் செய்தேன் என்று உற்பத்தியாளர் தாமே தரும் வாக்கு. அங்கே அந்த வாக்குப் பொய்யானால் பிடித்து நிறுத்த ஆளுண்டு. இரண்டாம் குறுக்குத்தெரு நடைபாதையில் அதே இரண்டு எழுத்துகளை யார் அச்சடித்தார்கள் என்று யாரைக் கேட்பீர்கள்? எஸ்.எல்.எஸ். சின்னம் வேறு, இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அனுமதித்தால்தான் அதைப் போடலாம். கடையில் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு இருந்தால் 1977ஐ அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். சீட்டுத் தரமாட்டேன் என்கிற கடையில் பிள்ளைக்கு எதையும் வாங்காதீர்கள்.

லண்டனிலிருந்து வந்த மருமகள் பேரப்பிள்ளைக்கு மை வைக்க விடுகிறாள் இல்லை. பவுடர் கூடாதாம், வசம்பு வளையலும் கூடாதாம். நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?
— அப்பம்மா, வெள்ளவத்தை

வளர்த்தீர்கள், அம்மா. ஆனால் இந்த மூன்றிலும் நான் மருமகளின் பக்கம்.

மையில் இரண்டு விதம் உண்டு. விளக்குச் சுடரில் பிடித்த கரியை நெய்யில் குழைத்தது வெறும் கார்பன். கடையில் சுர்மா என்று வரும் கருந்தூள் பல வேளைகளில் ஈய சல்பைடு. அப்படியானால் அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலைச் சப்பும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சுகிறது. திருஷ்டிக்கு வேண்டுமானால் வீட்டில் பிடித்த கரியைக் காதுக்குப் பின்னால் வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம். பாதத்திலும் வேண்டாம், கால் விரலும் வாய்க்குப் போகும் வயது இது.

பவுடரில் முதல் ஆபத்து அதன் தூசு நுரையீரலுக்குப் போவது. டால்க் கலந்த குழந்தைப் பவுடரை ஜான்சன் அன்ட் ஜான்சன் நிறுவனமே 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்தியது, 2023இல் உலகெங்கும் நிறுத்தியது. வசம்பில், எலிகளில் புற்றுநோயை உண்டாக்கிய பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அதனால் அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. கையில் கட்டிய வளையலைப் பிள்ளை சப்பாமல் விடுமா?

மருமகளும் நீங்களும் கேட்காத ஒன்று இருக்கிறது. மகனின் சின்ன வயதுச் சட்டைகளை அந்துருண்டை போட்டு எடுத்து வைத்திருப்பீர்கள். அந்த உருண்டை நப்தலீனாக இருக்கலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நப்தலீன் ஆவி பட்டால் அவர்களுடைய செங்குருதிக் கலங்கள் உடைந்து, மஞ்சள்காமாலை கடுமையாகிவிடும். அலுமாரியிலிருந்து எடுத்த துணியை அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போட்டு இது நேர்ந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. பழைய சட்டை ஆசைதான், எனக்கும் புரிகிறது. புதியதாக இரண்டு வாங்கிப் போடுங்கள்.

ஆடிவேல் நேரத்தில் மகளுக்குக் கடையில் ஒரு சங்கிலி வாங்கினோம். பதக்கம் சின்னது, ஆனால் நல்ல கனம். நித்திரையிலும் அதை வாயில் வைத்துக்கொள்கிறாள்.
— வாசகி, பம்பலப்பிட்டி

கனம் என்று எழுதினீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். 2006இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸில் நாலு வயதுச் சிறுவன் ஒருவன், சப்பாத்தோடு இலவசமாக வந்த இதய வடிவப் பதக்கத்தை விழுங்கினான். வயிற்று அமிலம் அதைக் கரைத்தது. சில நாட்களில் பிள்ளை இறந்துவிட்டது. பரிசோதித்தபோது பதக்கத்தில் 99 சதவீதம் ஈயம். இன்று அந்த நாட்டில் பிள்ளைகளின் பொருள்களில் அனுமதிக்கும் ஈயம் பத்து இலட்சத்தில் நூறு பங்கு மட்டும்.

பதக்கத்தை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் கோடு விழுந்தால் சந்தேகம் கூடும். ஆனால் கோடு விழாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, மேலே முலாம் இருக்கலாம். ஆகவே சோதனை எதற்கு, இன்றே கழற்றி எறியுங்கள். பல நாள் சப்பியிருந்தால் வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயம் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பாட்டுப் பாடும் பொம்மையின் சின்ன வட்ட பற்றரியை விழுங்கினால், அது நாணயம் போல் தானாக வெளியே வந்துவிடுமா?
— தாய், மட்டக்குளி

காத்திருக்கவே கூடாது. உணவுக்குழாயில் சிக்கிய பற்றரி ஈரத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கி, ஒரு முனையில் கடுங்காரத்தை உருவாக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் குழாயைப் பொசுக்கிவிடும். பற்றரி தீர்ந்துபோனது என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். பொம்மை பாடாவிட்டாலும் அதில் மிச்ச மின் இருக்கும். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள், அல்லது பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கு நேரே போங்கள். வாசலிலேயே பற்றரி என்று சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் அது நாணயம் போலத் தோன்றக்கூடும். பொம்மை வாங்கும்போது பற்றரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தாத்தா காலத்து மரத்தொட்டிலைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடிக்கலாமா?
— கர்ப்பிணி, தெஹிவளை

சுரண்டுவதுதான் ஆபத்து, மகள். அக்காலப் பூச்சுகளில் ஈயம் சாதாரணம். இங்கே பெயின்டில் ஈயத்துக்கு உச்ச வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். உலர்ந்த பூச்சை உரஞ்சினால் தூசு வீடெங்கும் பரவும், உங்கள் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். தொட்டிலை இப்போதைக்கு உறையிட்டு மூடி வையுங்கள். நீங்கள் இல்லாத இடத்தில், முகமூடி போட்ட தச்சர் ஒருவர் ஈரமாக உரஞ்சித் துடைத்துத் தருவாரென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம். அதுவரை சேலைத் தொட்டில் போதும்.