தோலை விற்றால் முதலை பிழைக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் முதலைக்கு உறவான அலிகேட்டர் என்ற விலங்கை வேட்டையாடுகிறார்கள், பண்ணை வைத்துத் தோலை விற்கிறார்கள். எண்ணிக்கையும் பல லட்சமாகப் பெருகிவிட்டது. இங்கே கொள்ளிடத்தில் முதலை ஆளைக் கடித்தாலும் அதைத் தொட முடியாது. நாமும் வியாபாரத்தைத் திறந்துவிட்டால் அழியும் விலங்குகள் எல்லாம் தானாகப் பிழைத்துக்கொள்ளாதா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: கதையைப் பாதியிலிருந்து தொடங்குகிறீர்கள். அலிகேட்டரை முதலில் காப்பாற்றியது தடைதான். கண்மண் தெரியாமல் சுட்டுத் தள்ளிய பிறகு, லூசியானா மாநிலம் 1962-ல் வேட்டையை அடியோடு நிறுத்தியது. 1967-ல் நாடு முழுவதற்குமான அபாயப் பட்டியலில் அது சேர்ந்தது. வேட்டையை நிறுத்திப் பத்து வருடம் பொறுத்து, 1972-ல் கேமரன் என்ற ஒரே ஒரு வட்டாரத்தில், அதுவும் சில நாட்களுக்கு மட்டும், வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். அபாயம் நீங்கியதாக அறிவித்தது 1987-ல்.

திறந்த பிறகும் கட்டுப்பாடு விடவில்லை. ஹெலிகாப்டரில் பறந்து கூடுகளை எண்ணி, சதுப்பு நிலத்தின் பரப்பையும் பார்த்துத்தான் யாருக்கு எத்தனை என்று முடிவு செய்கிறார்கள். பிடித்ததும் வாலில் எண் போட்ட பட்டையை மாட்ட வேண்டும். பட்டை இல்லாத தோலை விற்க முடியாது. பண்ணைக்காரர் காட்டில் முட்டை எடுக்கலாம். ஆனால் பொரித்த குட்டிகளில் ஒரு பங்கை மூன்று, நான்கு அடி வளர்த்து, எடுத்த சதுப்பிலேயே திரும்ப விட வேண்டும். அங்கே சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. முட்டைக்குக் காசு வருவதால், நிலத்தை வடித்து வேறு வேலைக்குத் திருப்பாமல் வைத்திருக்க உடைமையாளருக்கு ஒரு காரணம் கிடைத்தது. இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன்.

சரி, இதே மருந்து சீன அலிகேட்டருக்கு? அன்ஹுய் மாகாணத்து இனப்பெருக்க மையத்தில் அது ஆயிரக்கணக்கில் வளர்கிறது. ஆனால் 1990-களின் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது வெளியே இயற்கையாக வாழ்ந்தவை 150-கூட இல்லை. யாங்சி ஆற்றங்கரைச் சதுப்பெல்லாம் நெல்வயலாகிவிட்டது. அன்று குட்டிக்குப் பஞ்சமில்லை, விடத்தான் இடமில்லாமல் போனது.

நம் வட நாட்டு ஆறுகளில் வாழும் முதலை இனமான கரியாலைப் பாருங்கள். மீன் பிடிப்பதற்கென்றே அமைந்த ஒல்லியான நீள மூக்கு. அதுவே மீன்வலையில் சிக்கி அதைக் கொல்கிறது. முட்டையிட ஆற்றங்கரை மணல்திட்டு வேண்டும். அதை லாரியில் அள்ளுகிறோம். 1975-ல் தொடங்கிய முதலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். அப்படியும் 2007-ல் அது மிக மோசமான அபாயப் பிரிவுக்குப் போனது. அதே குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கு மேல் செத்து ஒதுங்கின. தோல் வியாபாரம் இதில் எதைச் சரிசெய்யும்? மணல் அள்ளுவதை நிறுத்துமா, அணையிலிருந்து தண்ணீர் விடுமா?

இன்னொன்று. பெருகிய பிறகும் அமெரிக்கா அலிகேட்டரை முழுதாகப் பட்டியலிலிருந்து விட்டுவிடவில்லை. அபாயத்தில் இருக்கும் அமெரிக்க முதலையின் தோலைப் பையாகத் தைத்துவிட்டால், எது எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் தோற்ற ஒற்றுமையைக் காரணம் காட்டி அலிகேட்டர் வியாபாரத்தையும் பிடியில் வைத்திருக்கிறார்கள். இங்கே கடையைத் திறந்தால் நன்னீர் முதலைத் தோலோடு கரியால் தோலும் கலந்து வராது என்று யார் உத்தரவாதம் தருவது? மணல் லாரியையே நம்மால் தடுக்க முடியவில்லை.

கொள்ளிடக் கரையில் இருப்பவர்களின் பயம் நியாயமானது. ஆனால் தோலை விற்கும் பணம் ஆற்றில் இறங்குகிறவர் காலைக் காப்பாற்றாது. குளிக்கும் துறையைச் சுற்றிக் கம்பிவலை, ஆடு மாடு தண்ணீர் குடிக்கக் கரைமேலேயே தொட்டி, கடிபட்டவர் குடும்பத்துக்கு அலைக்கழிக்காமல் நிவாரணம். இவற்றைக் கேட்டு எழுதுங்கள்; இந்தப் பக்கத்தில் முழு இடமும் தருகிறேன்.