முன்கதையை எங்கே வைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழிவாங்கும் கொலைகளைப் பற்றிய துப்பறியும் படங்களில், கொலையாளி பிடிபட்டதும் அவனுடைய சோகக் கதையைச் சொல்லி நம்மை அழவைத்துவிடுகிறார்கள். சிட்னி லுமெட் 1974இல் இயக்கிய ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ படத்தைச் சென்ற வாரம்தான் பார்த்தேன். அதிலும் கத்தியால் குத்திய 12 பேரும் தப்பிவிடுகிறார்கள். அங்கேயும் இதே தந்திரம்தானே?

வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

(படத்தைப் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். முடிச்சை அவிழ்க்காமல் இதற்குப் பதில் எழுத முடியாது.)

உங்கள் சலிப்பு எனக்கும் உண்டு. கடைசி அரைமணி நேரத்தில் அவிழ்க்கப்படும் முன்கதை, தீர்ப்புக்குச் சற்று முன்பு வக்கீல் கொண்டுவந்து நிறுத்தும் புதுச் சாட்சியைப் போன்றது. குறுக்கு விசாரணைக்கு நமக்கு நேரமே தரப்படுவதில்லை. ஆனால் லுமெட்டின் படத்தை அந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். ரயிலோ துப்பறிவாளர் ஹெர்குல் பொய்ரோவோ திரையில் வருவதற்கு முன்பே, 1930இல் லாங் ஐலண்டில் டெய்சி ஆம்ஸ்ட்ராங் என்ற குழந்தை கடத்திக் கொல்லப்பட்டதைச் செய்தித்தாள் தலைப்புகளாகவும் துண்டு துண்டான காட்சிகளாகவும் அவர் காட்டிவிடுகிறார். ரயிலில் குத்திக் கொல்லப்படுபவன்தான் அந்தக் கடத்தலை நடத்தியவன். 1934இல் வெளியான மூல நாவலில் அகதா கிறிஸ்டி அதைப் பிணம் கிடைத்த பிறகு, எரிந்துபோன ஒரு காகிதத் துண்டின் வழியாகத்தான் வெளிப்படுத்துகிறார். திரையில் இடம் மாறியதால், இறந்தவனுக்காக நாம் ஒரு கணமும் வருந்துவதில்லை. ஆனால் குத்தியவர்களுக்காக வருந்தும்படி கடைசியில் யாரும் நம்மைக் கெஞ்சுவதும் இல்லை.

இங்க்ரிட் பெர்க்மன் விசாரிக்கப்படும் காட்சியை மட்டும் மறுபடியும் பாருங்கள். ஏறத்தாழ ஐந்து நிமிடம், ஒரே ஷாட். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் தன் மிஷனரி வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த சுவீடன் நாட்டுப் பெண்ணை முதல்முறை பார்க்கையில், பாவம், ஒன்றும் தெரியாதவள் என்றே தோன்றும். டெய்சியை வளர்த்த செவிலி அவள்தான் என்று தெரிந்த பிறகு பார்த்தால், அதே தடுமாற்றத்தில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு துக்கம் என்று பிரிக்க முடியாமல் போகிறது. அந்த ஆண்டின் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்ததற்கு இந்த ஒரு காட்சியே போதும் என்பேன். பிணத்தின் காயங்களும் இதைப் போலத்தான்: சில ஆழமானவை, சில வெறும் கீறல்கள். ஒருவர் கை மற்றவர் கையைப் போல் இல்லை என்பதுதான் துப்பு. ஒவ்வொருவர் மனமும் எவ்வளவு தயங்கியது என்பதற்கும் அதுவே அளவு.

தப்பவிடும் முடிவை எடுப்பவர் பொய்ரோ அல்லர் என்பதையும் கவனியுங்கள். அவர் இரண்டு விடைகளை முன்வைக்கிறார்: வெளியிலிருந்து வந்த ஒருவன் கொன்றுவிட்டு ஓடிவிட்டான் என்பது ஒன்று, 12 பேரும் சேர்ந்து கொன்றார்கள் என்பது மற்றொன்று. முதல் விடையைத் தேர்ந்தெடுப்பவர் ரயில் நிறுவனத்தின் இயக்குநர். தன் மனசாட்சியோடு போராடப் போவதாகச் சொல்லிவிட்டுப் பொய்ரோ விலகிக்கொள்ள, மற்றவர்கள் ஷாம்பெயின் கோப்பைகளை மோதிக்கொள்கிறார்கள். எனக்குப் படத்தில் பிடிக்காத இடம் இதுதான். போராட்டம் வாயால் சொல்லப்படுகிறதே தவிர, பொய்ரோவாக நடித்த ஆல்பர்ட் ஃபின்னியின் முகத்தில் அது இல்லை.

அது இருப்பது டேவிட் சூஷே நடித்த 2010ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி வடிவத்தில். இஸ்தான்புல் தெருவில் ஒரு பெண்ணைக் கல்லெறிந்து தண்டிக்கும் காட்சியை அதில் வலிந்து சேர்த்திருக்கிறார்கள். பாடம் நடத்துவதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைக் கையில் எடுத்தவர்கள்மீது அந்தப் பொய்ரோ கொதித்துப் பேசுகிறார். பிறகு அவர்களுக்காகவே காவலர்களிடம் பொய் சொல்லிவிட்டு, ஜெபமாலையைப் பற்றியபடி, கண் கலங்கப் பனியில் நடந்து போகிறார். அந்த நடையைப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.