வேற்றுக்கிரகவாசிகள் கெட்டவர்களா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

கேள்வி இது: அறிவியல் புனைகதைப் போர்களில் மனிதர்களைக் கொல்லும் வேற்றுக்கிரக இனத்தைக் கெட்ட இனம் என்று சொல்லலாமா? அவர்களுடைய நியாயமே வேறாக இருந்தால் நம் அளவுகோல் அங்கே செல்லுமா?

செல்லும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று தலையை எண்ணி அளந்தால் தப்பான ஆளைத் தூக்கில் போடுவோம். எதிரே நிற்பதற்கும் ஒரு மனம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா, தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? நான் பார்ப்பது இதைத்தான். (கதை முடிவுகளைப் போட்டு உடைக்காமல் இதை எழுத முடியாது. படிக்க நினைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' 1985-இல் வந்தது. அதில் வரும் பூச்சி இனம் இரண்டு முறை நம்மைத் தாக்கியிருக்கிறது. மூன்றாவது முறை போவது நாம். எண்டர் என்ற சிறுவன் பயிற்சி விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவர்களுடைய தாய்க்கிரகத்தையே அழித்துவிடுகிறான். உண்மையான போர் என்று பெரியவர்கள் அவனுக்குச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அந்த இனத்தில் யோசிப்பது ராணி மட்டும்தான், மற்றவை எல்லாம் அவளுடைய கை, கால் மாதிரி. ஒரு வேலைக்காரப் பூச்சி செத்தால் ராணிக்கு அது நகம் வெட்டுவது போல. முதலில் சந்தித்த மனிதர்களையும் அப்படித்தான் நினைத்தாள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் தனித்தனியாக ஒரு மனம் இருக்கும் என்பது அவளுடைய கற்பனைக்கே எட்டாத விஷயம். அது புரிந்த பிறகு அவர்கள் மறுபடி வரவேயில்லை. நம் கப்பல்கள்தான் அதற்கும் முன்பே கிளம்பிவிட்டிருந்தன.

என் கணக்கில் ராணி குற்றவாளி இல்லை. எண்டரும் இல்லை. அவனிடம் மறைத்தவர்கள்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் எதிரி திரும்பி வரமாட்டான் என்று அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

எங்கள் ஊரில் பனைமரத்தில் கதண்டு (பெரிய விஷக் குளவி) கூடு கட்டினால் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிடுவோம். இருட்டிய பிறகு வந்து கொளுத்திவிட்டுப் போவார்கள். கதண்டு நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. கொட்டினால் ஆள் போய்விடும், அவ்வளவுதான். எதிரிக்குப் பூச்சி என்று பெயர் வைப்பதில் இருக்கும் வசதி இதுதான், விசாரணையே வேண்டாம். சீன எழுத்தாளர் லியூ சிஷினின் முப்பொருள் ('த்ரீ-பாடி ப்ராப்ளம்') நாவல் வரிசையில் இது அப்படியே திரும்புகிறது. அங்கே வேற்றுக்கிரகத்தார் நமக்கு அனுப்பும் செய்தியே 'நீங்கள் பூச்சிகள்' என்பதுதான்.

அந்த வரிசையில் எனக்குப் பிடித்த இடம் போரைப் பற்றியதே அல்ல, ஒரு கைது. லுவோ ஜி என்பவர் சுமார் ஐம்பது ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தின் இருப்பிடத்தை அண்டவெளிக்கு அறிவிக்கிறார். பிரபஞ்சம் ஓர் இருண்ட காடு, இடம் தெரிந்த எவரையும் யாராவது ஒருவர் சுட்டுவிடுவார் என்பது அவருடைய ஊகம். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்த அறிவிப்பு. எங்கிருந்தோ வந்த ஏதோ ஒன்று அந்த நட்சத்திரத்தை அழித்துவிடுகிறது. ஊகம் நிரூபணமாகிறது. பூமியைத் தாக்கினால் உங்கள் இருப்பிடத்தையும் இப்படி அறிவித்துவிடுவேன் என்று வேற்றுக்கிரகத்தாரை மிரட்டித்தான் அவர் பூமியைக் காப்பாற்றுகிறார், அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காவல் இருக்கிறார். பொறுப்பை ஒப்படைத்த உடனே அவரைக் கைது செய்கிறார்கள். அந்த நட்சத்திரத்துக்குக் கோள்கள் இருந்தன, அவற்றில் உயிர்கள் இருந்திருந்தால் ஓர் உலகத்தையே கொன்ற குற்றம் அவருடையது என்கிறார்கள்.

நன்றி கெட்டவர்கள் என்று முதல் வாசிப்பில் எரிச்சல் வந்தது. இப்போது அந்த வழக்கில் நியாயம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. ராணிக்குத் தெரியவில்லை. லுவோ ஜி தெரிந்துகொள்ள முயலவே இல்லை. இரண்டும் ஒன்றாகுமா? கண்ணகி பாண்டியனைத் 'தேரா மன்னா' என்றுதான் அழைத்தாள். கொன்றதைவிட, விசாரிக்காமல் கொன்றதுதான் அவளுடைய வழக்கு. விஷயம் தெரிந்ததும் அவன் 'யானே கள்வன்' என்று விழுந்து உயிரைவிட்டான். ராணியும் கிட்டத்தட்ட அந்த ரகம்.

லியூ சிஷின் வரிசையின் மூன்றாம் பாகத்தில் வேறொரு வேற்றுக்கிரகவாசி வருகிறான். பாடகன் என்று பெயர். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நம் சூரிய மண்டலத்தை இரண்டு பரிமாணமாகத் தட்டையாக்கும் ஆயுதத்தை வீசிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறான். அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும், அதனால்தான் வீசுகிறான். இருண்ட காட்டுத் தத்துவம் சொல்லி இவனுக்கு வாதாடுபவர்கள் உண்டு. பயம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வதுவரை நான் ஒப்புக்கொள்வேன். அதற்கு மேல் முடியாது.

எச். ஜி. வெல்ஸின் 1898 நாவலான 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'-இல் வரும் செவ்வாய்க்காரர்கள் கொஞ்சம் சிக்கல். வெள்ளைக் கொடியோடு போன குழுவை வெப்பக் கதிரால் எரிக்கிறார்கள். இதை வைத்து மட்டும் நான் தண்டிக்கமாட்டேன். வெள்ளைக் கொடி என்றால் சமாதானம் என்பது நம் ஏற்பாடு, அவர்களுக்கு அது காற்றில் ஆடும் துணி. ஆனால் நகரங்களையும் பீரங்கிகளையும் கூட்டம் கூட்டமாக ஓடும் ஜனங்களையும் பார்த்த பிறகும் மனிதர்களைப் பிடித்துக் கூடையில் போட்டு, ரத்தத்தை எடுத்துத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்களே, அது தெரிந்து செய்வது. ஆனால் வெல்ஸ் நம்மை அவ்வளவு சுலபமாக நீதிபதி நாற்காலியில் உட்காரவிடுவதில்லை. முதல் அத்தியாயத்திலேயே, அவர்களைக் கடுமையாகத் தீர்ப்பதற்கு முன் டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளை ஐரோப்பியர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார். (அவர்கள் முழுவதும் அழிந்துவிட்டதாக அவர் எழுதியது சரியல்ல, அவர்களுடைய வாரிசுகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.) அறிவுள்ள ஒரு முயலுக்கு நம் சாப்பாடு எப்படித் தெரியும் என்றும் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நிற்கும் எனக்கு அந்த இடம் நன்றாகவே உறைத்தது.

யார் ஆரம்பித்தது என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். ஜோ ஹால்டமன் வியட்நாமில் போரிட்டுக் காயம்பட்டுத் திரும்பியவர். 1974-இல் வந்த அவருடைய 'தி ஃபாரெவர் வார்' நாவலில் 1143 ஆண்டுகள் ஒரு போர் நடக்கிறது. நம் கப்பல்கள் சில காணாமல் போன பழியைச் சரியான ஆதாரமே இல்லாமல் டாரன் என்ற இனத்தின்மேல் போட்டு ஆரம்பித்த போர் அது. போர் என்பதையே மறந்திருந்த அந்த இனம் நம்மைப் பார்த்துத்தான் மறுபடி கற்றுக்கொள்கிறது. கடைசியில் பேசிக்கொள்ள முடிந்ததும் வந்த முதல் கேள்வி, 'இதை ஏன் ஆரம்பித்தீர்கள்?' பதில், 'நாங்களா?'

எண்டர் கதையின் அடுத்த பாகம் 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்', 1986. லூசிட்டானியா என்ற கிரகத்தில் பன்றி முகம் கொண்ட சிறிய இனம் ஒன்று வாழ்கிறது. தங்களோடு நட்பாக இருந்த ஆராய்ச்சியாளரையே உயிரோடு அறுத்துக் கொன்றுவிடுகிறது. படிக்கும்போது வயிறு புரளும். பிறகுதான் விஷயம் தெரிகிறது. அந்த இனத்தில் அப்படி அறுக்கப்பட்டவன் மரமாக முளைத்து இன்னொரு வாழ்க்கை வாழ்கிறான். அவர்கள் அளித்தது தங்களிடம் இருந்த மிகப் பெரிய மரியாதை. மனிதன் முளைக்கமாட்டான் என்று தெரிய வரும்போது அவர்கள் அதிர்ந்துபோகிறார்கள். இவர்களைக் கொலைகாரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் அளவுகோல் தடுமாறுவதும் அதே கிரகத்தில்தான். அங்கே ஒரு வைரஸ் இருக்கிறது. அது இல்லாமல் அந்த இனத்தால் மரமாக முடியாது. அது வெளியே பரவினால் மனித இனமே மிஞ்சாது. கிரகத்தையே சிதறடிக்கும் ஆயுதத்தோடு ஒரு படை கிளம்பி வருகிறது. எண்டர் காப்பாற்றிக் கொண்டுவந்த, பூச்சி இனத்தின் கடைசி ராணியும் இப்போது அங்கேதான் இருக்கிறாள். படையை அனுப்பியவர்களுக்கு அந்தச் சிறிய இனத்துக்கு மனம் உண்டு என்பது நன்றாகவே தெரியும். ஆகவே என் கணக்குப்படி அவர்கள் குற்றவாளிகள். ஆனால் அந்த வைரஸ் பயம் பொய்யில்லை. தொடரின் மூன்றாம் புத்தகத்தில், அந்த வைரஸுக்கே அறிவு இருக்குமோ என்ற சந்தேகத்தையும் கிளப்பிவிடுகிறார் கார்ட். இரண்டு முறை படித்துவிட்டேன், இந்த வழக்கில் மட்டும் தீர்ப்பு எழுத முடியவில்லை.