எல்லாமே இறைவன் என்றால் பிரார்த்தனை யாரிடம்?

பதினேழாம் நூற்றாண்டு டச்சு மெய்யியலாளர் ஸ்பினோசாவைப் படித்தபின் பிரார்த்திக்க இயலவில்லை என்றும், இயற்கையே இறைவன் என்னும் அவருடைய கருத்து நாத்திகத்தின் மறுபெயர்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஐயம் பழையது. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் 23 வயதே ஆன அவரை விலக்கிவைத்தது, அவருடைய முதன்மை நூலோ அவர் மறைந்த 1677இல்தான் வெளிவந்தது. ஆயினும் அவர் மறுத்தது இறைவனை அன்று, உலகுக்கு வெளியே அமர்ந்து விருப்பம்போல் ஆணையிடும் அரசனைப் போன்ற இறைவனையே. இயற்கையேயாகிய அவருடைய இறைவன் நம்மைப் பதிலுக்கு நேசிப்பதில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்வதால், அங்கே வேண்டுதலுக்கு இடமில்லை. அறிவிலிருந்து எழும் அன்புக்கு மட்டுமே இடமுண்டு. (அது எல்லோருக்கும் போதும் என்று நான் நினைக்கவில்லை.)

இதனை, பிரம்மம் என்னும் பரம்பொருள் ஒன்றே மெய் எனக் கொள்ளும் சங்கரரின் அத்வைதத்தோடு ஒன்றாக்கிவிட வேண்டாம். அவருக்கு உலகம் பிரம்மத்தின் மீது எழும் தோற்றமே. உங்கள் சிக்கலுக்கு இராமானுசரே நெருக்கமானவர் என்று தோன்றுகிறது. உலகும் உயிர்களும் இறைவனின் உடல், அவன் அவற்றுக்கு உயிர் என்று அவர் கொள்வதால், எதுவும் அவனுக்குப் புறம்பானதாக இல்லை. அதே வேளையில் வணங்குபவனும் வணங்கப்படுபவனும் ஒன்றாகிவிடுவதுமில்லை, எனவே சரணாகதி பொருளிழப்பதில்லை. பிரார்த்தனையில் நீங்கள் தேடியது பதிலா, அமைதியா என்று எழுதினால் மேலும் பேசலாம்.