கூடுவாஞ்சேரி மனை: மூன்று வருடத்தில் விலை இரட்டிப்பாகுமா?

கேள்வி: ஊரப்பாக்கத்தில் 14,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்த்து கைக்கு 70,000 வருகிறது. சேமிப்பு 12 லட்சம். கூடுவாஞ்சேரியில் 1,200 சதுர அடி மனை 30 லட்சம் சொல்கிறார்கள். ‘கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு, மெட்ரோவும் வரப்போகுது, மூணு வருஷத்துல டபுள்’ என்கிறார் புரோக்கர். மாதக் கடைசிக்குள் ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வீடு கட்டிக் குடியேறத்தான் என்றால் யோசிக்கலாம், அதுவும் இப்போது அல்ல. விற்று லாபம் பார்க்க என்றால் வேண்டாம்.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பத்திரச் செலவே 2.70 லட்சம். வங்கி 70 சதவீதம், அதாவது 21 லட்சம், மனைக் கடன் கொடுத்தாலும் மீதி 9 லட்சமும் பத்திரச் செலவும் உங்கள் கைக்காசு. 12 லட்சத்தில் மிஞ்சுவது 30,000. வீட்டில் ஒருவர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அதுவும் காலி.

9 சதவீத வட்டியில் 15 வருடக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 21,300. வாடகையும் சேர்ந்தால் சம்பளத்தில் பாதி போய்விடும். முதல் மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 5.40 லட்சத்தை நெருங்கும். ஆக, 38 லட்சத்துக்கு விற்றால்தான் முதலே தேறும். அதுவரை காலி மனையில் வாடகை வராது, வட்டிக்கு வரிச் சலுகையும் கிடையாது.

பஸ் நிலையம் திறந்தது 2023 டிசம்பர் 30. அதனால் ஏற வேண்டிய விலையில் பெரும்பகுதி ஏறிவிட்டது என்பதே என் கணிப்பு; ஓடத் தொடங்காத மெட்ரோவையும் சேர்த்துத்தான் உங்களிடம் 30 லட்சம் கேட்கிறார்கள். இன்னொன்று, 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்தார்கள். செங்கல்பட்டு வரை புது லேஅவுட்டுகள் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் விற்கப் போகும்போது அவற்றோடுதான் போட்டி.

தண்ணீரையும் பாருங்கள். 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். புறநகர் வளர்ந்த வேகத்துக்கு மழைநீர் வடிகால் வளரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போங்கள். பக்கத்து வீட்டு மதில் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்; புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை.

என் யோசனை இதுதான். இரண்டு வருடம் மாதம் 21,000-ஐத் தவணை கட்டுவதாகவே நினைத்து வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். 5 லட்சத்துக்கு மேல் சேரும். அதை அவசரத்துக்கென்று தொடாமல் வைக்கலாம். இந்தத் தவணையை உங்கள் குடும்பம் தாங்குமா என்பதும் தெரிந்துவிடும்.

அதற்கு முன்பே வாங்கியே தீருவது என்றால், அட்வான்ஸுக்கு முன் தாய்ப் பத்திரம் (மனையின் பழைய உரிமைப் பத்திரம்), பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று (மனைமேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), மனைப்பிரிவு ஒப்புதல் எண், புது லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் ஆகியவற்றின் நகல்களை வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள். வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.