வீட்டு இனிஷியலும் விமான டிக்கெட்டும்

கேள்வி: என் மனைவியின் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலி. 'கிவன் நேம்' கட்டத்தில் 'மீனாட்சி பழனியப்பன்' என்று சேர்ந்தே இருக்கிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டால், 'லாஸ்ட் நேம்' இல்லாமல் அடுத்த பக்கமே போகமாட்டேன் என்கிறது. அங்கே 'பழ.' என்று இனிஷியல் போடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: போடவே போடாதீர்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே இனிஷியலுக்கு அனுமதி இல்லை. தாத்தா பெயர் வரை சேர்த்து 'பழ. ராம.' என்று எழுதுவது கல்யாணப் பத்திரிகைக்கு அழகு, டிக்கெட்டுக்கு ஆகாது. கவுன்ட்டரில் இருப்பவர் பார்ப்பது இதைத்தான்: பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தெல்லாம் டிக்கெட்டில் இருக்கிறதா, இல்லாத எழுத்து ஏதாவது புகுந்திருக்கிறதா.

சர்நேம் காலியாக இருந்தால் எப்படிப் போடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில நிறுவனங்கள் கிவன் நேமையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். சில, அதை லாஸ்ட் நேமில் போட்டு, ஃபர்ஸ்ட் நேமில் 'எஃப்.என்.யூ.' போடச் சொல்லும். 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்' என்பதன் சுருக்கம் அது. கடைசிச் சொல்லான 'பழனியப்பன்' மட்டும் லாஸ்ட் நேமில் வந்தால் போதும் என்போரும் உண்டு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து உங்கள் மனைவி கையில் கொடுத்தனுப்புங்கள். தனியே போகிறவர் கவுன்ட்டரில் நின்று தவிக்கக்கூடாது.

டிக்கெட் வந்ததும் இடைவெளியே இல்லாமல், பெயரோடு 'எம்ஆர்எஸ்' (திருமதி) ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பயப்பட வேண்டாம். முன்பதிவுக் கணினி அப்படித்தான் அச்சிடும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர்.

துபாய் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லில் பெயர் இருந்து சர்நேமும் இல்லாவிட்டால், சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள்.

கேள்வி: மீனாட்சி என்ற பெயருக்கு பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்து 'கேஎஸ்ஹெச்', டிக்கெட்டில் 'டிசிஹெச்'. ஏஜென்ட் போட்டது. என்ன செய்வது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இன்றைக்கே ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள். அவர் போட்ட டிக்கெட்டை விமான நிறுவனம் நேரடியாகத் திருத்தாமல், பெரும்பாலும் அவரிடமே திருப்பி அனுப்பும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். வாயால் எழுத்துக் கூட்டிச் சொல்லித்தான் இந்தத் தவறே வருகிறது. ஒரே ஆளின் எழுத்துப்பிழை என்றால் திருத்தலாம். இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. டிக்கெட் போட்ட 24 மணி நேரத்துக்குள் சொன்னால் செலவு குறையும், பல இடங்களில் செலவே இருக்காது. திருத்தும்வரை வெப் செக்-இன் செய்யாதீர்கள். செய்துவிட்டால் அதை ரத்து செய்த பிறகுதான் பெயரில் கை வைப்பார்கள். திரும்பி வரும் பயணம் வேறு நிறுவனத்தில் என்றால், அந்த டிக்கெட்டையும் தனியாகத் திருத்தி, புது இ-டிக்கெட் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.