தாத்தாவின் நாட்குறிப்பில் 1943: பதில்

வணக்கம் ஐயா. ரங்கூன் தாத்தாவின் நாட்குறிப்பில் "1-8-1943, பர்மா சுதந்திரம்" என்றிருக்கிறது, பள்ளிப் புத்தகமோ 1948 என்கிறது, குடும்ப வரலாற்றில் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாத்தாவைத் திருத்தாதீர்கள். அன்று, போரில் பர்மாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் தயவில் பர்மியத் தலைவர் பா மா சுதந்திரம் அறிவித்தார். அன்றே பிரிட்டன்மீது போரும் அறிவித்தார். பிடி என்னவோ ஜப்பான் ராணுவத்திடம்தான்! 1945இல் வெள்ளையர் திரும்பியதும் அந்த அறிவிப்பு செல்லாக்காசாகிவிட்டது.

பிறகு 1947 ஜனவரியில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் லண்டன் போய், பிரிட்டிஷ் பிரதமர் அட்லியுடன் சுதந்திரத்துக்கான ஒப்பந்தம் செய்தார். ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சட்டப்படியான சுதந்திரம் 4-1-1948, விடியற்காலை 4.20 மணிக்கு. நேரம் குறித்தவர்கள் ஜோதிடர்கள். (நாள் பார்ப்பதில் பர்மியர் நம்மையே மிஞ்சுவார்கள்.) தாத்தாவின் வரியை அப்படியே அச்சிட்டு, 1948ஐ அடிக்குறிப்பில் சேருங்கள்.